டைட்டானியம் டைஆக்சைடு: அமிலத்தை மாற்றினால் படிகமும் மாறும்

காரைக்குடிப் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்கு விரும்பி எடுக்கும் பொருட்களில் ஒன்று டைட்டானியம் டைஆக்சைடு. வெள்ளைப் பொடி, தண்ணீரில் கரையாது. சாயத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கலந்து புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் சாயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். முதல் தடவை அதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தில் வரும் சந்தோஷத்துக்காகவே இந்த ப்ராஜெக்ட்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். இந்த வேலையின் நடுவில் யாராவது ஒருவர் வந்து இப்படிக் கேட்பார்: "சார், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தீர்ந்துபோச்சு. சல்ஃப்யூரிக் ஆசிட் ஊத்திக்கவா? பி.எச். ஒண்ணா வச்சுட்டா சரிதானே?"

ஊற்றலாம். ஆனால் வருவது வேறு பொருளாக இருக்கக்கூடும். பொடி வெள்ளையாகவே இருக்கும், வேதி வாய்பாடும் அதேதான். உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறியிருக்கும். அது மாறினால் சாயத்தை வெளுக்கும் வேகம், பெயின்ட்டில் அடிச்சுவரை மறைக்கும் திறன், எந்த ஒளியை உறிஞ்சும் என்பது வரை எல்லாமே மாறும். கடைசியில் பொடியில் பெரும்பாலும் தங்காத ஒரு ரசாயனம் பொடியின் கட்டமைப்பை எப்படித் தீர்மானிக்கிறது? இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் அடுக்கு முறை. ஒரு டைட்டானியம் அணுவைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கவாட்டில் நான்கு. ஆறையும் கோடு போட்டு இணைத்தால் எட்டு முகங்களும் பன்னிரண்டு விளிம்புகளும் கொண்ட ஓர் எண்முகி கிடைக்கும். இயற்கையில் கிடைக்கும் மூன்று வகை டைட்டானியம் டைஆக்சைடுக்கும் அடிப்படை அலகு இந்த எண்முகிதான். பக்கத்து எண்முகிகளோடு எத்தனை விளிம்புகளைப் பகிர்ந்துகொள்கிறது என்பதில்தான் வேறுபாடு. ரூட்டைலில் இரண்டு விளிம்பு, ப்ரூக்கைட்டில் மூன்று, அனட்டேஸில் நான்கு. ரூட்டைலில் பகிரும் இரண்டு விளிம்புகளும் எதிரெதிராக இருப்பதால் எண்முகிகள் நேர்கோட்டில் நீளும். அனட்டேஸில் வரிசை வளைந்து வளைந்து போகும். இந்த நேர், வளைவு இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு சிறிய வித்தியாசம் கையில் எடுக்கும் பொருளில் நன்றாகவே தெரிகிறது. ரூட்டைல் இறுக்கமானது, அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2 கிராம். அனட்டேஸுக்குச் சுமார் 3.9. ஒளிவிலகல் எண் ரூட்டைலுக்கு ஏறத்தாழ 2.7, அனட்டேஸுக்கு 2.5. அதனால்தான் வெள்ளை பெயின்ட்டில் ரூட்டைல் நன்றாக மறைக்கிறது. ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைக் கிளப்பிவிட அனட்டேஸுக்குச் சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், ரூட்டைலுக்கு 3.0 போதும். சாயத்தை வெளுப்பது போன்ற ஒளிவினையூக்க வேலைகளில் பெரும்பாலும் அனட்டேஸுக்கே முதலிடம். ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பி25 என்ற வணிகப் பொடியில் அனட்டேஸோடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ரூட்டைலும் கலந்திருக்கும், அதுவும் பிரமாதமாக வேலை செய்யும்.

இனி, உடன் சேர்ப்பவற்றின் வேலை. கானாடுகாத்தானில் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வழவழப்புச் சுவரில் இருப்பது சுண்ணாம்புதான். ஆனால் வெறும் சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் அந்தப் பளபளப்பு வராது. கடுக்காய் ஊறிய நீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று கொத்தனார் எதை எந்தப் பக்குவத்தில் சேர்த்தார் என்பதுதான் அந்தச் சுவரின் முகத்தை முடிவு செய்தது. டைட்டானியம் டைஆக்சைடு குடுவையிலும் அதே கதைதான். இங்கே சேர்த்ததில் பெரும்பகுதி கழுவும்போதும் சுடும்போதும் போய்விடும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

டைட்டானியம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆய்வகத்தில் வழக்கமாக இரண்டு மூலப்பொருள்கள். ஒன்று டைட்டானியம் டெட்ராகுளோரைடு. ஈரக்காற்று பட்டதும் புகையும், தண்ணீரில் விட்டால் சீறும். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டியிருக்கும். வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தானாகவே உண்டாகும். ஆக, நீங்கள் எதுவும் ஊற்றாமலே குடுவைக்குள் குளோரைடும் அமிலமும் வந்துவிட்டன என்பதை மறக்கக் கூடாது. மற்றது டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு. நிறமில்லாத திரவம். ஐப்பசி மழை நாளில் அந்த பாட்டிலைத் திறந்து பாருங்கள், மூடியின் மரைகளில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தோடேயே அது வினைபுரிந்துவிடுகிறது.

அந்தத் திரவத்தை ஒரு பீக்கர் தண்ணீரில் நேராகச் சொட்டினால் என்ன ஆகும் என்று ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். சொட்டு விழுந்த இடத்திலேயே வெள்ளைக் கட்டியாகிவிடும். கலக்கியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் பரவாது. ப்யூரெட்டின் நுனியே அடைத்துக்கொள்ளும். உள்ளே நடப்பது இரண்டு படிகள். முதலில் தண்ணீர் வந்து ஐசோபுரொப்பாக்சைடு தொகுதியைத் தள்ளிவிட்டு டைட்டானியத்தின் மேல் ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. பிறகு இரண்டு ஹைட்ராக்சில்கள் சேர்ந்து ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியேற்ற, டைட்டானியம், ஆக்சிஜன், டைட்டானியம் என்ற பிணைப்பு உண்டாகிறது. இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்தால் எண்முகிகளுக்கு வரிசையாக அமைய அவகாசம் கிடைக்காது. கிடைப்பது ஒழுங்கற்ற பொடி. அது எந்தப் படிக வகையும் இல்லை.

அதே திரவத்தை முதலில் கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலத்தில் கலந்து, பிறகு தண்ணீரைச் சேர்த்தால் காட்சியே வேறு. கலக்கும்போது பீக்கர் கொஞ்சம் சூடாகும், கரைசல் தெளிவாக நிற்கும். தண்ணீர் சேர்த்தபின்னும் கட்டி தட்டாது. அசிட்டேட் அயனி தன் இரண்டு ஆக்சிஜன்களாலும் டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதை அவ்வளவு சுலபமாகத் தண்ணீரால் தள்ள முடியாது, வினை மெதுவாகிறது. அசிட்டைல்அசிட்டோன் சேர்த்தால் இன்னும் உறுதியான பிடி. சேர்த்த உடனே கரைசல் மஞ்சளாகும், இணைப்பு உண்டாகிவிட்டதற்கு அந்த நிறமே சாட்சி. இப்படி வேகத்தைக் கட்டுப்படுத்தினால்தான் சீரான நானோ துகள்களோ கண்ணாடியில் பூசத்தக்க தெளிவான கூழ்மமோ கிடைக்கும். செய்முறைக் குறிப்பில் "கரைசலை நிலைநிறுத்த அசிட்டிக் அமிலம்" என்று ஒற்றை வரியில் கடந்துபோவார்கள். என்னைக் கேட்டால் மொத்தச் செய்முறையிலும் முக்கியமான வரி அதுதான்.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம். அமிலம் குடுவைக்குள் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று எல்லா அமிலத்துக்கும் பொது. ஹைட்ரஜன் அயனி துகள்களின் மேற்பரப்பில் ஏறி அவற்றுக்கு நேர்மின் ஏற்றம் கொடுக்கிறது, துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன, திரளாமல் நிற்கின்றன. பி.எச். 6-ஐ ஒட்டி வந்தால் இந்த ஏற்றம் போய்விடும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இந்தப் பொது வேலையை மட்டும் பார்ப்பவர்கள்தான் "பி.எச். ஒன்றானால் போதும்" என்கிறார்கள்.

இரண்டாவது வேலை, அமிலத்தின் மறுபாதியான எதிர்மின் அயனியுடையது. குளோரைடு டைட்டானியத்தை லேசாகத்தான் பிடிக்கும். அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இணைப்பு வினை மந்தமாகிறது. உண்டான சிறு துகள்கள் கரைவதும் மறுபடி படிவதுமாக இருக்கும். இப்படிக் கரைந்து படிய வாய்ப்புக் கிடைத்தால் பொருள் தன் நிலையான வடிவத்தை நோக்கிப் போகும். அந்த வடிவம் ரூட்டைல். எண்முகிகள் நேர்கோட்டில் சேர்கின்றன. 2009-இல் வெளிவந்த ஒரு செய்முறை இன்று பல ஆய்வகங்களில் பழக்கத்தில் இருக்கிறது. டைட்டானியம் பியூட்டாக்சைடு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், தண்ணீர் மூன்றையும் மின்கடத்தும் கண்ணாடித் தகட்டோடு டெஃப்லான் உறை போட்ட ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில்) வைத்து 150 டிகிரியில் சூடாக்கினால் கண்ணாடியின் மேல் ரூட்டைல் நானோ கோல்கள் செங்குத்தாக முளைத்து நிற்கும். குளோரைடு அயனிகள் கோலின் பக்கச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு அகல வளர்ச்சியைத் தடுப்பதால் கோல் நீளவாக்கில் வளர்கிறது.

சல்ஃபேட் அப்படிப்பட்டதல்ல. அது பிடித்தால் பலமாகப் பிடிக்கும். இரண்டு டைட்டானியம் அணுக்களுக்கு நடுவே பாலமாகவும் நிற்கும். அந்தப் பாலம் பக்கத்து எண்முகிகள் வளைந்த கோணத்தில் சேரத் தோதாக இருக்கிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வளைந்த வரிசை அனட்டேஸுக்குரியது. டெட்ராகுளோரைடுக் கரைசலில் கொஞ்சம் சல்ஃபேட்டைச் சேர்த்தாலே ரூட்டைலாக வர வேண்டியது அனட்டேஸாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமிலம் நீர்த்ததாக இருக்கும்போது வித்தியாசம் இத்தனை கூர்மையாக இருக்காது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் அனட்டேஸ்தான் அதிகம் வரும், கூடவே கொஞ்சம் ப்ரூக்கைட் எட்டிப் பார்க்கும். சல்ஃபேட் இருந்தால் அந்த ப்ரூக்கைட்டும் அடங்கிவிடும்.

தொழிற்சாலையில் இதே வேதியியல் டன் கணக்கில் நடக்கிறது, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது, இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. இந்த மாதிரித் தாதுவிலிருந்து வெள்ளை நிறமி எடுக்க இரண்டு வழிகள். திருவனந்தபுரத்தில் இருக்கும் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை சல்ஃபேட் முறைக்காரர்கள். இல்மனைட்டை அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தில் கரைத்து, பிறகு நீராற்பகுக்கிறார்கள். கிடைப்பது அனட்டேஸ். அங்கிருந்து வடக்கே கொல்லம் மாவட்டம் சவறாவில் உள்ள கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் ஆலையில் குளோரைடு முறை. தாதுவை டெட்ராகுளோரைடாக்கி, உயர் வெப்பத்தில் ஆக்சிஜனோடு எரிக்கிறார்கள். கிடைப்பது ரூட்டைல். சல்ஃபேட் முறையிலேயே ரூட்டைல் வேண்டுமென்றால் ரூட்டைல் விதைப் படிகங்களைத் தனியாகப் போட வேண்டும். அவ்வளவு பிடிவாதமாகச் சல்ஃபேட் அனட்டேஸ் பக்கம் இழுக்கும். குளோரைடு முறையிலும் ரூட்டைல் முழுமையாக வர அலுமினியம் குளோரைடைக் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். வெளிச்சுவர் பெயின்ட்டுக்கு ரூட்டைலையே எடுப்பார்கள். அனட்டேஸ் வெயிலில் நின்று பெயின்ட்டின் பசையையே சிதைத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டவைத்துவிடும். சாயத்தை வெளுக்கும் அதே குணம்தான் அங்கே வேண்டாத வேலை பார்க்கிறது.

படிக வகைக்கு அடுத்தது படிகத்தின் உருவம். இங்கே நாயகன் ஃப்ளூரைடு. அனட்டேஸ் படிகம் இயல்பாக வளர்ந்தால் இரு பக்கமும் கூம்பி, அடியோடு அடி ஒட்டிய இரட்டைப் பிரமிடாக வரும். அதன் சாய்ந்த பக்கங்களுக்கு 101 முகம் என்று பெயர். நுனியை வெட்டிவிட்டது போன்ற தட்டையான முகம் 001. தட்டை முகம் ஆற்றல் மிகுந்தது, வினைபுரிய ஆயத்தமாக நிற்பது. ஆற்றல் மிகுந்த முகம் வேகமாக வளர்ந்து சீக்கிரமே மறைந்துவிடும், படிகத்தில் மிஞ்சுவது சோம்பலான 101 முகமே. வேண்டியதை எப்படித் தக்கவைப்பது? 2008-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் வழி காட்டினார்கள். டைட்டானியம் டெட்ராஃப்ளூரைடு கரைசலில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைச் சேர்த்து நீர்வெப்ப முறையில், அதாவது மூடிய கலத்தில் தண்ணீரோடு சூடாக்கி, வளர்த்தார்கள். ஃப்ளூரைடு 001 முகத்தில் போய் ஒட்டியதும் அந்த முகத்தின் ஆற்றல் இறங்கிவிடுகிறது, வளர்ச்சி நிதானமாகிறது, முகம் தங்குகிறது. அவர்களுக்குக் கிடைத்த படிகங்களில் மேற்பரப்பின் 47 சதவீதம் 001 முகம். வேலை முடிந்ததும் 600 டிகிரியில் சுட்டால் ஃப்ளூரைடு போய்விடும், முகம் அப்படியே இருக்கும்.

இதை வாசித்துவிட்டு ஆர்வத்தில் ஹைட்ரோஃப்ளூரிக் அமில பாட்டிலைத் தொட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அது தோலில் பட்டால் சில நேரம் முதலில் எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமலும், பழகியவர் பக்கத்தில் இல்லாமலும் அதைத் திறக்கவே கூடாது. படிக்கும் பிள்ளைகள் ஃப்ளூரைடின் வேலையைப் பார்க்க வேறு நல்ல வழி இருக்கிறது, அது நம்ம ஊருக்கே உரிய மின்வேதியியல்.

காரைக்குடிக்காரர்களுக்கு சிக்ரியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். மின்வேதியியல் என்ற சொல்லே இந்த ஊரில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஒரு டைட்டானியம் தகட்டை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் கொடுத்தால் அதன் மேல் ஆக்சைடு வளரும். கரைசலில் ஃப்ளூரைடு இல்லையென்றால் அது மெல்லிய, இறுக்கமான படலம், அவ்வளவுதான். எத்திலீன் கிளைக்காலில் சிறிதளவு தண்ணீரும் அரை சதவீதத்துக்கும் குறைவான அம்மோனியம் ஃப்ளூரைடும் சேர்த்துவிட்டால் படம் மாறும். ஒரு பக்கம் ஆக்சைடு வளர்கிறது, மறுபக்கம் ஃப்ளூரைடு அதைக் கரைத்து எடுத்துப்போகிறது. வளர்ச்சியும் கரைதலும் சமநிலைக்கு வரும்போது தகட்டின் மேல் நானோ குழாய்கள் அணி அணியாக நிற்கும். மின்னழுத்தம் கூடினால் குழாயின் விட்டம் கூடும். வந்த உடனே குழாய்களுக்குப் படிக ஒழுங்கு இராது. 450 டிகிரியை ஒட்டிச் சுட்டால் அனட்டேஸ் ஆகும். அம்மோனியம் ஃப்ளூரைடும் நச்சுதான், கையுறையும் புகைபோக்கிக் கூண்டும் கட்டாயம்.

குழாய் செய்ய மின்சாரம் இல்லாத வழியும் உண்டு. 1998-இல் ஜப்பானில் கசுகாவும் கூட்டாளிகளும் டைட்டானியம் டைஆக்சைடுப் பொடியை 10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டு 110 டிகிரியில் வைத்து, கழுவி, சுமார் 8 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்களை எடுத்தார்கள். காரம் எண்முகி அடுக்கைப் பிரித்து ஏடுகளாக்குகிறது, ஏடுகள் சுருண்டு குழாயாகின்றன. பொட்டாசியம் ஹைட்ராக்சைடை வைத்துச் செய்தால் பெரும்பாலும் நானோ கம்பிகளே வரும். எதிர்மின் அயனிக்குச் சொன்ன அதே எச்சரிக்கை நேர்மின் அயனிக்கும் பொருந்தும். சோடியத்தை நீர்த்த அமிலத்தால் நன்றாகக் கழுவி எடுக்காவிட்டால் உங்களிடம் இருப்பது சோடியம் டைட்டனேட், டைட்டானியம் டைஆக்சைடு இல்லை. கழுவுவதைச் சிரமம் பாராமல் செய்ய வேண்டும்.

துளைகள் வேண்டுமென்றால் சோப்பு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை கரைசலில் தாமாகவே கூடி உருளைகளாக நிற்கும், அவற்றைச் சுற்றி டைட்டானியம் டைஆக்சைடு படியும், பிறகு சுட்டால் அவை எரிந்துபோய் அந்த இடம் துளையாகும். அதிகமாகச் சுட்டால் படிகங்கள் பெருத்துத் துளைச் சுவரே இடிந்துவிடும். இதில் பக்குவம் பெரிய விஷயம், தனிக் கட்டுரைக்கு உரியது.

சுடுவது பற்றி இன்னும் கொஞ்சம். அனட்டேஸைப் பொதுவாக 600, 700 டிகிரி என்று ஏற்றிக்கொண்டே போனால் ரூட்டைலாக மாறிவிடும். மாறினால் திரும்பி வராது. ஆனால் இந்த வெப்பநிலையும் நிலையான எண் இல்லை, குடுவையில் என்ன மிச்சமிருந்தது என்பதைப் பொறுத்தது. பாஸ்பேட்டோ சல்ஃபேட்டோ ஒட்டியிருந்தால் மாற்றம் தள்ளிப்போகும். செம்போ இரும்போ கலந்திருந்தால் முன்னதாகவே நடந்துவிடும். நியோபியம் மாற்றத்தைத் தடுக்கும். துகளின் அளவுக்கும் இதில் பங்குண்டு. சுமார் 14 நானோமீட்டருக்குக் கீழே அனட்டேஸ்தான் நிலையானது, துகள் அதைத் தாண்டிப் பெருத்தால்தான் ரூட்டைலின் கை ஓங்கும். ஆகவே "500 டிகிரியில் சுட்டேன், அனட்டேஸ் வந்தது" என்று மட்டும் நோட்டில் எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. எந்த மூலப்பொருள், எந்த அமிலம், எத்தனை முறை கழுவியது என்பதும் வேண்டும்.

எல்லாம் முடிந்து பொடி கையில் வந்ததும் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் கொடுத்தால் ஒரு வரைபடம் தருவார்கள். தாமிர எக்ஸ் கதிர் மூலம் என்றால் 25.3 டிகிரி கோணத்தில் (இந்த டிகிரி வெப்பநிலை இல்லை) உயரமான உச்சி இருந்தால் அனட்டேஸ், 27.4-இல் இருந்தால் ரூட்டைல். உச்சி ஒல்லியாக நெடுகி நின்றால் படிகங்கள் பெரியவை, அகலமாகப் படுத்திருந்தால் நானோ அளவு. உச்சியே இல்லாமல் மேடு மட்டும் தெரிந்தால் படிக ஒழுங்கு வரவில்லை, இன்னும் சுட வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒன்று, சல்ஃப்யூரிக் அமிலத்தில் ஒன்று, மற்ற எல்லாம் ஒரே அளவு என்று இரண்டு மாதிரி செய்து இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அனட்டேஸ் மட்டும்தான் என்று முடிவு கட்டுமுன் 30.8 டிகிரியில் ஒரு சின்ன உச்சி இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். ப்ரூக்கைட்டின் பெரிய உச்சிகள் அனட்டேஸின் 25.3 உச்சிக்குள்ளேயே மறைந்துகொள்ளும், இந்தச் சின்ன உச்சிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.